மீட்டர் போர்டைக் கழட்டின கதை

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. நான் பி.காம் மூணாவது வருஷம். எனக்கும் ஸ்பேனருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. சைக்கிள் செயின் கழண்டாலே தள்ளிக்கிட்டு வர்ற ஆளு. அப்படிப்பட்டவன் போன மாசம் ஒரு அம்பாசடர் காரோட மீட்டர் போர்டை முழுசாக் கழட்டி, காலேஜ் பையில போட்டு, திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு ரயில்ல தூக்கிக்கிட்டுப் போனேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கார் எங்க தாத்தாவோடது. 1983 மாடல், மார்க் 4, டீசல். 1986-ல ஒருத்தர்கிட்ட இருந்து செகண்ட் ஹேண்டா வாங்கி, 2008 வரைக்கும் திண்டிவனத்துல வாடகைக்கு ஓட்டினார். மயிலம் கோயில் கல்யாணம், அமாவாசைக்கு மேல்மலையனூர், ராத்திரியில திடீர்னு வயித்து வலின்னா பாண்டிச்சேரி ஜிப்மர், இதான் அவரோட ரூட்டு. தாத்தா 2019-ல தவறிட்டார். அதுக்கப்புறம் வண்டி வாசல்ல தார்ப்பாய் போர்த்திக்கிட்டு நிக்குது. வாரம் ஒருதரம் அப்பா ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவார். அவ்வளவுதான்.

அம்பாசடரைப் பத்தி ரெண்டு வரி. இங்கிலாந்துல ஓடின மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையா வச்சு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி கல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல தயாரிச்ச வண்டி. ஐம்பதுகளோட கடைசியில ஆரம்பிச்சு 2014-ல நிறுத்தினாங்க. மந்திரிக்கும் அதே வண்டி, மயிலத்துக் கல்யாண மாப்பிள்ளைக்கும் அதே வண்டி. எங்க வண்டி மாதிரி பழைய அம்பாசடர்ல ஒரு விசேஷம் உண்டு. மீட்டர் போர்டு டிரைவருக்கு நேரா இருக்காது, டேஷ்போர்டோட நடு மத்தியில இருக்கும். அதாவது டிரைவர் பார்க்கிறதை உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் பார்க்கலாம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. ஃபீஸ் கட்டணும். வீட்டுல பணமா மாத்தக்கூடிய பொருள்னு பார்த்தா, அம்மாவோட செயினும் வாசல்ல நிக்கிற காரும்தான். அப்பா காரைக் கொடுத்துடலாம்னு முடிவு பண்ணி, ஒரு புரோக்கர்கிட்ட சொன்னார். புரோக்கர் வந்து சுத்திச் சுத்திப் பார்த்தார். கதவைத் தட்டினார், பானெட்டைத் திறந்தார், சீட்டை அமுக்கினார்.

"அண்ணே, சென்னையில ஒரு பார்ட்டி இருக்காரு. பழைய வண்டின்னா உசுரு. ஆனா மீட்டர் ஓடலையே?"

"அது 99-லயே நின்னு போச்சு. கேபிள் அறுந்துடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார் அப்பா.

"அதை ரிப்பேர் பண்ணிடுங்க. எஃப்.சி.க்கும் வேணும். பண்ணும்போதே மீட்டர் வெளியதானே இருக்கும்? அப்படியே ஒரு முப்பத்தெட்டாயிரம்னு வச்சுடுங்க. 'ஒரே பெரியவர் பத்திரமா வச்சிருந்த வண்டி'ன்னு சொல்லி ஒண்ணு எண்பதுக்கு முடிச்சுத் தர்றேன். இல்லேன்னா ஒண்ணு நாற்பதுதான்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. "பார்க்கலாம்" என்றார். எங்கப்பா "பார்க்கலாம்"னு சொன்னா அதுக்கு ஆமாம்னும் அர்த்தம் உண்டு, இல்லைன்னும் அர்த்தம் உண்டு. எனக்கோ மனசுக்குள்ள கால்குலேட்டர் ஓடுது. வித்தியாசம் 40 ஆயிரம். உண்மையைச் சொல்லணும்னா, நான் அன்னைக்கு ராத்திரி 'நாற்பது வருஷத்து வண்டியில மீட்டரை எவன் நம்பப் போறான், இதுல யாருக்கு என்ன நஷ்டம்'னுதான் நினைச்சேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டா கூலி. அதனால ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவுமே இறங்கினோம். பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு உபயோகப்படும், அதனால வரிசையாச் சொல்றேன்.

முதல் வேலை, பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டி ஓரமா வைக்கணும். மீட்டர் போர்டுக்குப் பின்னாடி எந்நேரமும் கரண்ட் இருக்கிற ஒயர்கள் உண்டு. திருப்புளி ஒண்ணுல பட்டு பாடியைத் தொட்டா, பொறி பறக்கும், ஒயரிங் கருகும்.

ரெண்டாவது, கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. அப்பறம் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, நம்பர் போடணும். நான் லெட்ஜர்ல போடற மாதிரி 1, 2, 3 போட்டு, நோட்டுல எதிர்ப்பக்கம் "டீசல் முள்", "லைட்", "எர்த்"னு எழுதிக்கிட்டேன். பி.காம் படிச்சதுக்கு இந்த ஒரு பிரயோஜனம்.

மூணாவது, ஸ்க்ரூ எல்லாம் கழட்டினதும் ஆசைப்பட்டு இழுக்கக் கூடாது. ஸ்பீடாமீட்டர் கேபிள் பின்னாடி ஒரு நட்டு போட்டுப் பிடிச்சிருக்கும். கீழேர்ந்து கையை விட்டு, விரலாலேயே திருகி அதை விடுவிக்கணும். சில பழைய வண்டிகள்ல டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒயருக்குப் பதிலா மெல்லிசா ஒரு செப்புக் குழாய் வரும். அதுக்குள்ள ஆவியாகிற திரவம் அடைச்சிருக்கும். அது மடங்கினாலோ உடைஞ்சாலோ அந்த மீட்டர் அவ்வளவுதான். அதனால எது ஒயர், எது குழாய்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும்.

நான் கேபிள் நட்டைத் தேடி கையை விட்டேன். நட்டு இல்லை. மீட்டரோட பின்பக்கம் மொட்டையா இருந்தது. டார்ச் அடிச்சுப் பார்த்தா, கேபிள் தனியா இறங்கி ஒயர்கட்டோட சேர்த்து வெள்ளை நூல்ல கட்டியிருக்கு. மூணு சுத்து, ரெட்டை முடிச்சு. முனையில தூசி போகாம இருக்க ஒரு துணியைச் சுத்தி வச்சிருக்கு.

"அப்பா, கேபிள் அறுகலை. யாரோ கழட்டிக் கட்டி வச்சிருக்காங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது தாத்தா முடிச்சு" என்றார்.

வண்டியை ரெண்டு பேரும் நாலடி தள்ளிப் பார்த்தோம். கேபிள் உள்ளே இருக்கிற கம்பி அழகாச் சுத்துது. அப்ப கேபிள் நல்லாத்தான் இருக்கு. மீட்டரை அதுல மாட்டித் தெருவுல ஓட்டினோம். முள்ளு வெட்டுக்கிளி மாதிரி குதிக்குது, ஆனா கிலோமீட்டர் எண் மட்டும் அசையலை. 62,418. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடாததுல உள்ளே கிரீஸ் இறுகிப் போச்சு போல. சரி, ரிப்பேர்தான்னு முடிவாச்சு.

கேபிளை ஏன் தாத்தா கழட்டினார்? அது என் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. மீட்டரை ஓடவிடாம வச்சு வண்டி விக்கிறது, ஏமாத்து வேலையில ரொம்பப் பழைய வேலை. தாத்தாவுமா? அப்பாகிட்ட கேக்கத் தைரியம் வரலை.

திங்கட்கிழமை, மீட்டரைப் பழைய துண்டுல சுத்தி, காஸ்ட் அக்கவுண்டிங் புக்குக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரயில் ஏறினேன். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா என் மடியில தாத்தாவோட மீட்டர். சாயந்திரம் காலேஜ் முடிஞ்சதும், பழைய மீட்டர் பார்க்கிற ஒரு பெரியவர் கடைக்குப் போனேன். கடைன்னா ஒரு பெஞ்சு, ஒரு டேபிள் லைட், அவ்வளவுதான்.

அவர் மீட்டரைத் திறந்து காட்டினதுதான் நான் மூணு வருஷத்துல கேட்ட நல்ல கிளாஸ். கேபிள் வந்து ஒரு சின்னக் காந்தத்தைச் சுத்த வைக்குது. காந்தத்தைச் சுத்தி ஒரு அலுமினியக் கிண்ணம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது. ஆனா காந்தம் சுத்தும்போது கிண்ணத்துக்குள்ள மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே சுத்தப் பார்க்கும். மயிர் மாதிரி ஒரு சுருள் வில் அதைப் பிடிச்சு இழுக்கும். வேகம் கூடக் கூடக் கிண்ணம் கொஞ்சம் ஜாஸ்தி திரும்பும், அதோட முள்ளும் திரும்பும். 1902-ல ஓட்டோ ஷுல்ட்சேன்னு ஒரு ஜெர்மன்காரர் காப்புரிமை வாங்கின விஷயமாம் இது (பேரை வீட்டுக்கு வந்து நான் தேடிப் படிச்சேன்).

கிலோமீட்டர் எண் வேற கதை. அது முழுக்கப் பல்சக்கரம். சக்கரம் இத்தனை சுத்து சுத்தினா இவ்வளவு தூரம்னு கணக்கு. இதுவும் புதுசு இல்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே விட்ரூவியஸ்னு ஒரு ரோமானியர், வண்டி ஒரு மைல் போனா ஒரு கூழாங்கல் பெட்டிக்குள்ள விழற மாதிரி ஒரு கருவியைப் பத்தி எழுதி வச்சிருக்கார். ராத்திரி பெட்டியைத் திறந்து கல்லை எண்ணினா எவ்வளவு தூரம் வந்தோம்னு தெரிஞ்சிடும். அன்னைக்கும் ரெண்டு கல்லை எடுத்து வெளியே போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். அமெரிக்காவுல இதுக்குன்னே 1972-ல சட்டம் கொண்டுவந்து, மீட்டரைத் திருப்பி வைக்கிறதைக் குத்தமாக்கினாங்க.

பெரியவர் பழைய கிரீஸைச் சுரண்டி, தேய்ஞ்ச ஒரு பல்சக்கரத்தை மாத்தினார். எண் உருளைகளைத் தனியா எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டார்.

"என்ன நம்பர் வைக்கட்டும் தம்பி?"

சாதாரணமாத்தான் கேட்டார். டீக்கடையில "சர்க்கரை போடவா"ன்னு கேக்கற மாதிரி. எல்லாரும் கேக்கறதுதான் போல. எனக்கு வாய் வரலை. "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் ஐயா"ன்னு வெளியே வந்து போன் போட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம், "தாத்தா நோட்டு பரண்ல இருக்கு. வந்து பார்த்துட்டு முடிவு பண்ணு. நீதானே கணக்குப் படிக்கிறே" என்றார்.

பரண்லேர்ந்து இறக்கினா பதினோரு நோட்டு. தாத்தா அஞ்சாவது வரைக்கும் படிச்சவர். ஆனா நோட்டைப் பார்த்தா எங்க புரபசரே எழுந்து நிப்பார். தேதி, ஊர், புறப்பட்ட மீட்டர், வந்த மீட்டர், கிலோமீட்டர், வாடகை, டீசல். 22 வருஷம், ஒரு சவாரி விடலை. ஊர் சரித்திரமே அதுக்குள்ள இருக்கு. 1993 வரைக்கும் கலெக்டர் ஆபீஸ் சவாரின்னா "கடலூர்"னு எழுதியிருக்கார். அந்த வருஷம் தென்னாற்காடு மாவட்டம் பிரிஞ்சு விழுப்புரம் தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கப்புறம் கலெக்டர் ஆபீஸ்னா "விழுப்புரம்". தாத்தாவுக்கு அது அரசியல் சமாச்சாரம் இல்லை, தூரம் குறைஞ்ச சமாச்சாரம் :)

எங்க வண்டி மீட்டர்ல அஞ்சு எண்தான். 99,999-க்கு அப்பறம் திரும்ப சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். வாங்கும்போது 21,640. மூணு தடவை சுத்தி வந்திருக்கு, 1989, 1993, 1997. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்துல சந்தனம், குங்குமம் வச்சிருக்கார். 1998-ல 41,900-ல் "கியர் பாக்ஸ் மாற்றியது. பழசு" என்று ஒரு வரி. அப்பறம் 1999-ல, 62,418-க்கு எதிரே, நான் தேடின வரி.

"மீட்டர் கூட காட்டுது. விழுப்புரம் 38க்கு 41. இனி கல் கணக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. மறுநாள் பெரியவர்கிட்ட கேட்டதும் அவர் சிரிச்சார். "வேற வண்டி கியர் பாக்ஸ் போட்டிருப்பாங்க தம்பி. கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுத்து சுத்தணும்னு ஒரு கணக்கு இருக்கு. கியர் பாக்ஸ் பல்லும் மீட்டரும் ஒத்துப் போகலேன்னா ஜாஸ்தியாவோ கம்மியாவோதான் காட்டும்" என்றார்.

அதாவது, மீட்டர் தாத்தாவுக்குச் சாதகமாப் பொய் சொல்லியிருக்கு. கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு வாடகை. மீட்டரோ நடுவுல, எல்லாரும் பார்க்கிற மாதிரி. சவாரி வந்தவங்களே அதைப் பார்த்துத்தான் காசு எண்ணிக் கொடுத்தாங்க. யாரும் சந்தேகப்படலை. தாத்தாதான் ஒருநாள் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை எண்ணிப் பார்த்திருக்கார். எண்ணினதும் கேபிளைக் கழட்டிக் கட்டிட்டார். அதுலேர்ந்து 2008 வரைக்கும் கல்லை வச்சுத்தான் கணக்கு எழுதியிருக்கார்.

ஆனா மக்களே, தாத்தாவை உடனே கோபுரத்துல ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு. கியர் பாக்ஸ் மாத்தினது 98-ல. கேபிளைக் கழட்டினது 99-ல. நடுவுல ஓடின 20,518 கிலோமீட்டருக்கு அதிகமா வாங்கினது வாங்கினதுதான். திருப்பிக் கொடுத்ததா நோட்டுல ஒரு வரியும் இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன். அப்பாகிட்ட சொன்னேன்.

"மேல்மலையனூருக்கு வந்தவங்களை எங்க போய்த் தேடுறது? எந்த ஊரு, என்ன பேருன்னு யாருக்குத் தெரியும்? அதான் அதுக்கப்புறம் அந்த மீட்டர் மூஞ்சியிலயே முழிக்கலையோ என்னவோ" என்றார் அப்பா. அவருக்கும் அது அன்னைக்குத்தான் தெரியும்.

ராத்திரி உட்கார்ந்து நான் ஒரு ஸ்டேட்மென்ட் போட்டேன். பேங்க் ரீகன்சிலியேஷன்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. நம்ம கேஷ் புக் ஒண்ணு சொல்லும், பேங்க் பாஸ் புக் வேற சொல்லும், ரெண்டும் ஏன் ஒத்துப் போகலைன்னு காரணம் எழுதி நேர் பண்றது. பரீட்சையில ஒரு தடவையும் எனக்கு டேலி ஆனதில்லை. இது ஆச்சு.

மீட்டரில் நின்ற எண்: 62,418
கூட்டு, மூன்று முறை சுற்றி வந்தது: 3,00,000
கூட்டு, கல் கணக்கு (1999 முதல் 2008 வரை): 1,21,906
கழி, மீட்டர் அதிகமாகக் காட்டியது: 1,501
ஆக மொத்தம்: 4,82,823 கிலோமீட்டர்

குறிப்பு: 2008-க்குப் பிறகு ஓடியது சேர்க்கவில்லை. முதல் ஓனர் உண்மை சொல்லியிருந்தால் மட்டுமே மேற்படி கணக்கு சரி.

அந்த 1,501-ஐத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்ப வாடகை கிலோமீட்டருக்கு மூணரை ரூபாய். 5,253 ரூபாய் ஐம்பது காசு. ஒரு வருஷத்துக்கு மேல, சில்லறை சில்லறையா, தெரியாம வந்த பணம். அதுக்காக ஒரு மனுஷன் ஒன்பது வருஷம் ரோட்டோரக் கல்லை எண்ணியிருக்கார். நான் தெரிஞ்சே 4,82,823-ஐ 38,000 ஆக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

பெரியவர்கிட்ட போய், "62,418-ஏ இருக்கட்டும் ஐயா. எங்க நின்னுச்சோ அங்கேர்ந்தே ஓடட்டும்" என்றேன். அவர் ஒண்ணும் கேக்கலை. எண்ணை வச்சு மூடினார். கியர் பாக்ஸ் பல்லுக்கு ஒத்துப் போற பினியன் ஒண்ணைப் பழைய டப்பாவுலேர்ந்து தேடி எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

சென்னைக்காரர் வந்தார். அப்பா மீட்டரைக் காட்டி, கூடவே என் ஸ்டேட்மென்டையும் கொடுத்தார். அவர் படிச்சார். திரும்பவும் படிச்சார். "இப்படி யாரும் கொடுத்ததில்லை சார்" என்றார். சந்தோஷமாத்தான் சொன்னார். ஆனா "வீட்டுல கலந்துட்டு போன் பண்றேன்"னு கிளம்பிட்டார். மூணு வாரம் ஆச்சு, போன் வரலை. புரோக்கர் எங்க தெருப் பக்கமே வர்றதில்லை. ஃபீஸுக்கு அம்மாவோட செயின் அடகுக்குப் போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை, ஆனா கழுத்தைத் தடவிக்கிட்டே இருக்காங்க. அதைப் பார்க்கும்போது நான் பண்ணினது சரிதானான்னு ஒரு நிமிஷம் தோணத்தான் செய்யுது. பொய் சொல்ல மாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை மீட்டரைச் சோதிக்கலாம்னு நாலு பேரும் வண்டியில ஏறினோம். ஜி.எஸ்.டி ரோட்டுல கூட்டேரிப்பட்டுப் பக்கம். ஒவ்வொரு கிலோமீட்டர் கல் வரும்போதும் தங்கச்சி கத்துறா. மீட்டர் நடுவுலதானே இருக்கு, பின் சீட்டுலேர்ந்து அம்மாவும் எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. பத்துக் கல் தாண்டினோம். மீட்டரும் சரியாப் பத்து.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கடைசி நோட்டை எடுக்கச் சொன்னார். 2008-க்கு அப்பறம் பாதி நோட்டு வெத்தாத்தான் கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, தாத்தா கோடு போட்ட கட்டத்துக்குள்ளயே எழுதினார்.

"கூட்டேரிப்பட்டு. போக வர 24. வாடகை இல்லை."